நொய்யலில் வருஷம் முழுக்க ஓடுவது யாருடைய தண்ணீர்?

#1 | பேரூர்க்கரை

கோடையில் திருப்பூர் பாலத்துக்கு அடியில் தண்ணீர் ஓடும் வீடியோ ஒன்று எல்லா வாட்ஸ்அப் குழுவிலும் சுற்றிக்கொண்டிருக்கிறது. "நொய்யல் மறுபடி ஜீவநதி ஆகிவிட்டது" என்று தலைப்பு வேறு. அதை நம்பி நாலு பேர் நிம்மதியாகிவிடுவார்களே என்ற கவலையில்தான் இந்த இழையைத் தொடங்குகிறேன்.

நொய்யல் எந்தக் காலத்திலும் ஜீவநதியாக இருந்ததில்லை. வெள்ளியங்கிரி, போளுவாம்பட்டி மலைகளில் விழும் மழையைப் பெரியாறு, சின்னாறு, நீலியாறு எல்லாம் இறக்கிக் கொண்டுவருகின்றன. அவை கூடிய இடத்துக்குக் கீழேதான் ஆற்றுக்கு நொய்யல் என்று பெயர். கோவை, திருப்பூர், ஈரோடு, கரூர் என நாலு மாவட்டங்களில் சுமார் 180 கி.மீ. ஓடி, தன் பெயரையே கொண்ட ஊருக்குப் பக்கத்தில் காவிரியில் சேருகிறது. வடிநிலம் சுமார் 3,500 சதுர கி.மீ. இருந்தாலும் மழை கொட்டுவது மேற்கு ஓரத்து மலைச்சரிவில் மட்டும்தான். ஆடியில் அங்கே விடாமல் பெய்யும்போது கோவை நகரத்தில் வெறும் காற்றுதான் அடிக்கும். சமவெளிக்கு வருஷத்துக்கு 600, 700 மி.மீ. கிடைத்தால் அதிகம். அதிலும் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையில்.

ஆக, பழைய நொய்யல் ஆடியில் ஒருமுறை பெருகும், ஐப்பசியில் ஒருமுறை பெருகும். இடைப்பட்ட மாதங்களில் மணலுக்குள் ஊற்றாக இருக்கும். பங்குனி, சித்திரையில் மணலைத் தோண்டித்தான் தண்ணீர் எடுக்க வேண்டும். அதுதான் அந்த ஆற்றின் ஆரோக்கியமான நிலை.

இப்போது சித்திரையில் ஆலாந்துறைப் பக்கம் ஆறு காய்ந்து கிடக்கிறது. அதே நாளில் சூலூரில் தண்ணீர் ஓடுகிறது. மேலே இல்லாத தண்ணீர் கீழே எங்கிருந்து வந்தது? சிறுவாணி, பில்லூர் அணைகளில் இருந்து குழாயில் வந்து, நம் சமையலறை, குளியலறை வழியாகச் சாக்கடைக்குப் போன தண்ணீர் அது. நொய்யலுக்குச் சொந்தமான தண்ணீர் அதில் சொட்டு இருந்தால் பெரிது.

#2 | நீரியல்_மாணவி

பேரூர்க்கரை அண்ணா சொல்வதற்கு ஒரு தோராயக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

2011 கணக்கெடுப்பில் கோவை நகரத் தொகுப்பின் மக்கள்தொகை 21 லட்சத்துக்கு மேல். பாதாளச் சாக்கடை உள்ள நகரங்களுக்குத் தலைக்கு 135 லிட்டர் என்பதும், அதில் 80 சதவீதம் கழிவுநீராகத் திரும்பும் என்பதும் நம் நாட்டில் திட்டம் போடுவோர் வைத்திருக்கும் அளவுகோல். பெருக்கினால் ஒரு நாளைக்குச் சுமார் 23 கோடி லிட்டர். இதையே ஆற்று நீரோட்டமாகச் சொன்னால் விநாடிக்கு 95 கன அடி. வருஷம் முழுக்கச் சேர்த்தால் 3 டி.எம்.சி. (ஒரு டி.எம்.சி. என்பது நூறு கோடி கன அடி).

இதில் ஒரு பகுதி செப்டிக் டேங்கில் நின்றுவிடும், ஒரு பகுதி நிலத்தில் இறங்கும், எல்லோருக்கும் 135 லிட்டர் கிடைப்பதுமில்லை. அதையெல்லாம் கழித்தாலும் எவ்வளவு பெரிய அளவு என்று ஒப்பிட்டுப் பாருங்கள். அத்திக்கடவு–அவினாசித் திட்டத்தில் பவானி உபரிநீரை 1,045 குளம் குட்டைகளுக்கு நீரேற்றிக் கொண்டுபோகிறார்கள், 2024 ஆகஸ்டில் திறந்தார்கள். அதன் அளவு 1.5 டி.எம்.சி. பல பத்தாண்டுகள் மக்கள் போராடி வாங்கிய திட்டம் அது. அதைப்போல இரண்டு மடங்கை ஒரு நகரம் கழிவாக வெளியேற்றும் நிலையில் இருக்கிறது. 2011-க்குப் பிறகு ஊர் எவ்வளவு வளர்ந்திருக்கிறது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. பில்லூர் மூன்றாம் குடிநீர்த் திட்டத் தண்ணீரும் 2024-ல் சேர்ந்துவிட்டது.

கீழே போனால் கதை இன்னும் கலக்கிறது. கீழ்பவானி வாய்க்காலின் கசிவுநீர் நொய்யலுக்கு இறங்குகிறது. திருப்பூர் ஆலைகளுக்குக் காவிரித் தண்ணீர் குழாயில் வருகிறது. பல வடிநிலங்களின் தண்ணீர் இந்த ஒரு ஆற்றில் வந்து கொட்டுகிறது. அதனால் "ஆற்றில் தண்ணீர் ஓடுகிறதா" என்பது நொய்யலைப் பொறுத்தவரை ஆரோக்கியத்தின் அளவுகோலே இல்லை.

#3 | தொண்டாமுத்தூர்_தோட்டம்

மேலே என்ன நடக்கிறது என்று நான் சொல்கிறேன். சித்திரைச்சாவடி அணைக்கட்டு எங்கள் பக்கம்தான்.

ஆடியில் முதல் தண்ணீர் வருவதைப் பார்த்திருக்கிறீர்களா? தெளிந்த தண்ணீர் வராது. கருஞ்சிவப்பாக, மூங்கில் சருகும் பாக்கு மட்டையும் தள்ளிக்கொண்டு ஒரு முழ உயரத்துக்கு நுனி சுருண்டு வரும். அணைக்கட்டில் முட்டியதும் குப்பையெல்லாம் மதகு வாயில் அடைத்துக்கொள்ளும். ஆள் இறங்கிக் கொக்கி போட்டு இழுத்தால்தான் வாய்க்காலுக்குத் தண்ணீர் ஏறும். அந்த அரை நாள் தாமதத்தில் வெள்ளத்தின் உச்சம் அணைக்கட்டு மேலே வழிந்து பேரூர் தாண்டிப் போயிருக்கும். மலையில் மழை விட்டால் இரண்டு மூன்று நாளில் ஆறு வடிந்துவிடும். நமக்கு வருஷத்தில் கிடைப்பதே அப்படிச் சில நாள்கள்தான். அந்த நாள்களில் வாய்க்கால் தயாராக இல்லையென்றால் அந்த வருஷம் போச்சு.

இந்த ஒரு வாய்க்காலை நம்பி எத்தனை குளம் இருக்கிறது தெரியுமா? புதுக்குளம், கோளராம்பதி, நரசாம்பதி, கிருஷ்ணாம்பதி, செல்வாம்பதி, குமாரசாமிக் குளம், செல்வசிந்தாமணி. ஒன்றின் கலிங்கு வழிந்தால் அடுத்ததுக்குப் போகும். கீழே குனியமுத்தூர், கோவை, குறிச்சி, வெள்ளலூர், சிங்காநல்லூர் என்று அணைக்கட்டு வரிசை. உக்கடம் பெரியகுளமும் வாலாங்குளமும் கோவை அணைக்கட்டுத் தண்ணீரில் நிரம்பியவை. வெள்ளத்தைப் பிடித்துப் பிடித்து நிலத்துக்குள் இறக்கும் ஏற்பாடு இது. இங்கே அடியில் கெட்டிப் பாறை. ஆழமான மணல் படுகை கிடையாது. மேலே இருக்கும் மக்கிய பாறையிலும் வெடிப்புகளிலும் நிற்பதுதான் நிலத்தடி நீர். குளம் நிரம்பினால் கிணறு ஊறும், அவ்வளவு நேரடியான கணக்கு.

இப்போது வாய்க்கால் கரையில் வீடு, வாய்க்காலுக்குள் கட்டடக் கழிவு. ஆற்றிலோ மணலே இல்லை, பாறை தெரிகிறது. மணல் இல்லாத ஆறு வெள்ளத்தைப் பிடித்து வைக்காது, வழுக்கி விட்டுவிடும். எங்கள் பக்கத்துத் தப்பும் இருக்கிறது, மறைக்கவில்லை: முன்பு சோளமும் ராகியும் விளைந்த நிலத்தில் பாக்கும் வாழையும் போட்டு, ஆயிரம் அடி போர் போட்டு இறைக்கிறோம். ஆற்றின் அடியில் இருந்த ஊற்று அங்கேதான் போனது.

#4 | சூலூர்வாசி

மன்னிக்கணும், எல்லோரும் ஒரே பக்கம் பேசுகிறீர்கள். சாக்கடைத் தண்ணீர் என்று முகம் சுளிப்பது எளிது. அந்தத் தண்ணீர் வராவிட்டால் சிங்காநல்லூர், இருகூர், சூலூர்க் குளங்கள் ஐந்து வருஷத்தில் நாலு வருஷம் வறண்டுதான் கிடக்கும். எங்கள் ஊரில் கிணறு ஊறுவது அந்தக் குளத்தால்தான். வறட்சியில் ஊற்று இருந்ததால் தென்னை பிழைத்தது. பக்கத்தில் குளமில்லாத மேட்டுக்காட்டு ஊர்களில் லாரியில் வாங்கித் தென்னைக்கு ஊற்றினார்கள்.

சுத்திகரித்து விடுங்கள் என்று கேளுங்கள், நானும் சேர்ந்து கேட்கிறேன். "இது நொய்யல் தண்ணீர் இல்லை" என்று தள்ளிவிடாதீர்கள். குடிக்கத்தான் முடியவில்லை, மரத்துக்காவது ஆகட்டும்.

#5 | பேரூர்க்கரை

சூலூர்வாசி சொல்வதில் நியாயம் இருக்கிறது, தள்ளவில்லை. ஆனால் ஒன்றை யோசியுங்கள் சார். குளம் வருஷம் முழுக்கச் சாக்கடையால் நிறைந்தே இருந்தால், ஆடி வெள்ளம் வரும்போது அதைப் பிடிக்க இடம் எங்கே? வருஷத்தில் சில நாள்கள் மட்டுமே கிடைக்கும் நல்ல தண்ணீர் நிரம்பிய குளத்தைப் பார்த்துவிட்டு அப்படியே கரூருக்குப் போய்விடுகிறது. நமக்கு நிற்பது கெட்ட தண்ணீர், போவது நல்ல தண்ணீர். இந்த வியாபாரம் எப்படிச் சரியாகும்?

இன்னொன்றும் இருக்கிறது. கோடையில் காயும் குளத்தின் தரை பாளம் பாளமாக வெடிக்கும். ஊர்க்காரர்கள் வண்டல் எடுத்துக் காட்டுக்கு அடிப்பார்கள். அடுத்த வெள்ளம் அந்த வெடிப்பு வழியாகச் சரசரவென்று கீழே இறங்கும். இப்போது உக்கடத்திலோ சிங்காநல்லூரிலோ தரையைப் பார்த்து எத்தனை வருஷம் ஆகிறது? கருப்புச் சேறு படிந்து, தரை அடைபட்டுக் கிடக்கிறது. குளம் பார்க்க நிரம்பியிருக்கும், நிலத்துக்குள் இறங்குவது குறைந்துகொண்டே வரும். இறங்குகிற கொஞ்சமும் நைட்ரேட்டோடு இறங்கும். குடிநீரில் நைட்ரேட்டுக்கு வைத்திருக்கும் வரம்பு லிட்டருக்கு 45 மி.கி. குளக்கரைக் கிணற்றுத் தண்ணீரைக் குழந்தைக்குக் கொடுக்கும் முன் ஒருமுறை பரிசோதிக்கச் சொல்லுங்கள்.

#6 | பறவைக்கண்

குளங்களைப் பற்றி நானும் ஒன்று சொல்ல வேண்டும். சிங்காநல்லூர்க் குளத்தை 2017-ல் நகர்ப்புறப் பல்லுயிர்ப் பாதுகாப்பு மண்டலமாக அறிவித்தார்கள். திருப்பூர் நல்லாற்றின் மேல் இருக்கும் நஞ்சராயன் குளம் 2022-ல் பறவைகள் சரணாலயமானது, 2024-ல் உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. உக்கடத்தில் கூழைக்கடா, நீர்க்காகம், தாழைக்கோழி எல்லாம் கூட்டம் கூட்டமாக இருக்கின்றன. இதைக் காட்டி "பாருங்கள், பறவை வருகிறது, குளம் நன்றாக இருக்கிறது" என்கிறார்கள்.

பறவை வருவது உண்மை, மகிழ்ச்சியும்கூட. எந்தப் பறவை வருகிறது என்று பார்க்க வேண்டும். சாக்கடை ஊட்டத்தில் பாசி பெருகுகிறது, அந்தத் தண்ணீரில் ஜிலேபிக் கெண்டையும் ஆப்பிரிக்கக் கெளுத்தியும் செழிக்கின்றன, அவற்றைத் தின்னக் கூழைக்கடாவும் நீர்க்காகமும் வருகின்றன. ஆழமான நிறைகுளம் அவற்றுக்குப் போதும். கணுக்கால் ஆழத் தண்ணீரும் ஈரச் சேறும் வேண்டிய உள்ளான்களுக்கு அங்கே இடமில்லை. மார்கழி, தை மாதங்களில் தண்ணீர் வற்றி வற்றிக் கரையோரம் சேறு விரிய வேண்டும், அதுதான் வலசை வரும் உள்ளான்களின் சாப்பாட்டு மேடை. மட்டம் குறையாத குளத்தில், அதுவும் செங்குத்தாகக் கல் அடுக்கி நடைபாதை போட்ட கரையில், அந்த மேடை கிடையாது.

சில குளங்களில் கரையைச் சாய்வாக விட்டிருக்கிறார்கள், கோரையும் சம்பும் பிழைத்திருக்கின்றன. அங்கே போய் ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் வித்தியாசம் தெரியும். ஆகாயத்தாமரையை வருஷா வருஷம் பொக்லைன் வைத்து அள்ளுகிறார்கள். சாக்கடை வரும் வாயை மூடாமல் அதை எத்தனை முறை அள்ளினாலும் மூன்று மாதத்தில் திரும்பப் படர்ந்துவிடும். அதற்குச் சாப்பாடு போடுவதே நாம்தான்.

#7 | பனியன்நகர்

இழை நொய்யல் பற்றி என்றதும் அடுத்த பதிவில் சாயப்பட்டறையைத் திட்டுவார்கள் என்று காத்திருந்தேன். திட்டும் முன் இதையும் படியுங்கள். நான் அந்தத் தொழிலில் இருக்கிறேன்.

2011 ஜனவரி 28-ல் சென்னை உயர் நீதிமன்றம் எங்கள் ஊர்ச் சாய ஆலைகளை எல்லாம் மூடச் சொன்னது. ஒரு சொட்டுக் கழிவுநீரும் வெளியே விடாத அமைப்பு வந்தால்தான் திறக்கலாம் என்றது. பல மாதம் ஊரே முடங்கியது. பலர் தொழிலை விட்டார்கள், பலர் வேறு ஊருக்குப் போனார்கள். அதன் பிறகு பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களில் உயிரியல் சுத்திகரிப்பு, ஆர்.ஓ., அதற்கு மேல் ஆவியாக்கிகள் என்று கட்டினோம். அரசு வட்டியில்லாக் கடன் கொடுத்தது. இன்று தண்ணீரைத் திரும்ப எடுக்கிறோம், சாயம் பிடிக்கப் போடும் கிளாபர் உப்பையும் படிகமாக்கித் திரும்பச் சாயத்துக்கே போடுகிறோம். இவ்வளவு பெரிய தொழில் நகரம் முழுக்க இப்படி மாறியது உலகத்திலேயே அரிது. இதைப் பெருமையாகத்தான் சொல்கிறேன்.

சிரமமும் இருக்கிறது. ஆவியாக்க மின்சாரமும் விறகும் ஏராளமாக வேண்டும். திரும்பப் பயன்படாத கலப்பு உப்பு மூட்டை மூட்டையாகக் கிடங்கில் நிற்கிறது, அதை எங்கே கொண்டுபோவது என்பதற்கு இன்னும் வழி இல்லை. திருட்டுத்தனமாகக் கழிவைத் திறந்துவிடும் சில பட்டறைகள் இருக்கின்றன. அவர்களால் ஒழுங்காகச் செலவு செய்பவன் போட்டியில் நஷ்டப்படுகிறான், அவர்களைப் பிடித்துக் கொடுக்க நாங்களே தயார். ஆனால் சூலூர்ப் பக்கம் நுரை பொங்கினால் அதற்கும் திருப்பூர் சாயம்தான் காரணம் என்கிறார்கள். சூலூர் எங்களுக்கு மேலே இருக்கிறது சாமி! அந்த நுரை முக்கால்வாசி சோப்புத் தூள்.

நெறியாளர்: குறிப்பிட்ட ஆலைகளின் பெயரைப் போட்ட இரண்டு பதிவுகள் நீக்கப்பட்டன. பெயர் போடாமல் பேசுங்கள்.

#8 | கிளுவைவேலி

வணக்கமுங்க. திருப்பூருக்குக் கீழ நொய்யல்ல கட்டுன ஒரத்துப்பாளையம் அணைக்குக் கீழ நம்ம காடு. பனியன்நகர் அண்ணன் சொன்னதெல்லாம் சரிங்க, 2011-க்கு அப்புறம் என்னாச்சுன்னு சொன்னாரு. அதுக்கு முன்னால இருபது வருஷம் எங்களுக்கு என்னாச்சுன்னு நான் சொல்றேன்.

1992-ல அணை கட்டி முடிச்சாங்க. 0.6 டி.எம்.சி. புடிக்கிற அணை. ஈரோடு, கரூர் ரெண்டு மாவட்டத்துலயும் பத்தாயிரம் ஏக்கருக்கு மேல பாசனம்னாங்க. எங்க பெரியவங்க அவ்வளவு சந்தோஷப்பட்டாங்களாம். அஞ்சாறு வருஷத்துக்குள்ள அது சாயத்தண்ணி தேங்குற தொட்டி ஆயிப்போச்சுங்க. அணை கேட்டு வாங்குன ஆயக்கட்டு விவசாயிகளே "தண்ணி தொறக்காதீங்க"ன்னு கோர்ட்டுக்குப் போனோம். அப்படியொரு வழக்கு வேற எங்கயாச்சும் கேள்விப்பட்டிருக்கீங்களா?

தேங்குன தண்ணி சும்மா தேங்கலீங்க. பூமிக்குள்ள எறங்கி கெணத்துக்கு வந்துருச்சு. அந்தத் தண்ணில பருப்பு வேகாது, சோப்பு நொர கட்டாது. ஒரம்பரை வந்தா ஒரு சொம்பு தண்ணி குடுக்கக் கூசும். தென்னைக்குப் பாய்ச்சுனா மட்டை நுனியில இருந்து கருகிட்டே வரும், குரும்பை நிக்காது. சொட்டுநீர் போட்டா ஓட்டைல வெள்ளையா உப்புக் கட்டி அடைச்சுக்கும், ஊசி வெச்சுக் குத்திக்கிட்டே திரியணும். மஞ்சளும் வாழையும் போட்ட காட்டுல இப்ப கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேல மரமும்தான். கொறங்காடா விட்டு மாடு ஆடு மேய்க்கறோம்.

நட்டஈடுன்னு ஆணையம் போட்டாங்க. 68 கிராமத்துல 28,000 பேருக்கு மேல, மொத்தம் 25 கோடி ரூபாய்க்குக் கிட்டன்னு முடிவு பண்ணுனாங்க. ஆளுக்குப் பிரிச்சுப் பாருங்க, பத்தாயிரங்கூட முழுசா வராது. ஒரு கெணறு வெட்ட அது போதுமா?

ஆலை உப்பு வர்றது நின்னுருச்சு, சரி. வந்து எறங்குன உப்பு எங்க போச்சு? இன்னும் எங்க காட்டுலதான் இருக்குது.

#9 | நீரியல்_மாணவி

கிளுவைவேலி அண்ணா கேட்டதுதான் இந்த இழையில் முக்கியமான கேள்வி என்று நினைக்கிறேன். ஏனென்றால் நாம் "மாசு" என்று ஒரே பெயரில் இரண்டு தனித்தனி நோய்களைப் பேசிக்கொண்டிருக்கிறோம்.

கோவையின் நோய் சாக்கடை. அதில் இருப்பது பெரும்பாலும் மக்கக்கூடிய பொருள். காற்றும் நேரமும் கொடுத்தால் நுண்ணுயிர்கள் தின்றுவிடும். சாக்கடை வருவதை நிறுத்தினால், சுத்திகரித்துவிட்டால், ஆற்று நீர் சில வருஷத்திலேயே தேறிவிடும். அதற்கான தொழில்நுட்பம் பழையது, உக்கடத்திலேயே நிலையம் இருக்கிறது. குறை எல்லா வீட்டையும் குழாயில் இணைக்காததும், மழைநீர் வடிகாலில் சாக்கடையைத் திறந்துவிடுவதும்தான்.

திருப்பூருக்குக் கீழே இருக்கும் நோய் உப்பு. பருத்தித் துணியில் சாயம் பிடிக்க உப்பு போட்டாக வேண்டும். சாயம் துணியில் நிற்கும், உப்பு அப்படியே தண்ணீரில் போகும். உச்சத்தில் ஒரு நாளைக்கு 8 கோடி லிட்டருக்கு மேல் கழிவுநீர் வெளியானது. லிட்டருக்கு 5 கிராம் உப்பு என்று குறைத்தே வைத்துக்கொள்வோம். ஒரு நாளைக்கு 400 டன். உப்பு மக்காது, ஆவியாகாது, எந்த நுண்ணுயிரும் தின்னாது. அது ஆற்றோடு காவிரிக்குப் போக வேண்டும், இல்லையென்றால் மண்ணில் தங்க வேண்டும். நடுவே அணை கட்டித் தேக்கியதால் கீழ் நொய்யலில் தங்கிவிட்டது. அதிலும் சோடியம் களிமண்ணின் துகள்களைப் பிரித்துவிடும். மழை பெய்தால் மேலே ஒரு படலம்போல இறுகும், காய்ந்தால் கல். தண்ணீர் உள்ளே இறங்காது, அதனால் இருக்கும் உப்பையும் மழை கழுவிக் கீழே தள்ள முடியாமல் போகும். உப்பு தன்னைத் தானே பாதுகாத்துக்கொள்கிறது.

இதற்கு மருந்து ஜிப்சமும் நல்ல தண்ணீரும் வடிகாலும் சேர்ந்தது. ஜிப்சத்தில் இருக்கும் கால்சியம் சோடியத்தை இடம்பெயர்க்கும், நல்ல தண்ணீர் அதைக் கரைக்கும், வடிகால் வெளியே கொண்டுபோகும். மூன்றில் ஒன்று இல்லையென்றாலும் வீண் செலவு. பாறை வெடிப்புக்குள் போன உப்பு பல மழைக்காலங்களுக்குப் பிறகுதான் நீர்த்துப் போகும். ஆகவே ஆடி வெள்ளத்தின் நல்ல தண்ணீர் கீழ் நொய்யலுக்கு ஒரு மருந்து.

#10 | கரூர்_கடைமடை

இதைத்தான் நான் சொல்ல வந்தேன். மேலே பேரூர்க்கரை ஐயா, நல்ல வெள்ளம் "கரூருக்குப் போய்விடுகிறது" என்று வருத்தப்பட்டார். போகட்டும் ஐயா! எங்களுக்கு ஆத்துப்பாளையம் அணை இருக்கிறது, அதை நம்பி ஆயக்கட்டு இருக்கிறது. வருஷம் முழுக்க நீங்கள் அனுப்புவது சாக்கடை, முன்பு அனுப்பியது சாயம். சில நாள் வரும் வெள்ளம் ஒன்றுதான் நாங்கள் தைரியமாக வயலுக்கு விடும் தண்ணீர். அதையும் மேலே 20, 30 குளத்தில் பிடித்துக்கொண்டால் கடைமடைக்கு என்ன மிச்சம்?

#11 | பேரூர்க்கரை

கரூர் நண்பர் கோபப்படுவது நியாயம். ஆனால் குளங்களும் கடைமடையும் ஒன்றுக்கொன்று எதிரி இல்லை. இந்தக் குளங்கள் பல நூற்றாண்டாக இருக்கின்றன. அவை நிரம்பிய காலத்திலும் கீழே ஆறு ஓடியது. நிலத்தில் இறங்கியது மார்கழி, தை வரைக்கும் ஊற்றாக ஆற்றுக்கே திரும்ப வந்தது. வெள்ளத்தை மூன்று நாளில் கடத்திவிட்டால் உங்களுக்கு மூன்று நாள் தண்ணீர். நிலம் பிடித்து மெல்ல விட்டால் மூன்று மாதம் தண்ணீர். ஆபத்து குளத்தில் இல்லை, நடுவில் உறிஞ்சும் ஆழ்துளைக் கிணறுகளில் இருக்கிறது. அதைப் பற்றிப் பேச யாருக்கும் துணிவில்லை, ஏனென்றால் நம் எல்லோர் வீட்டிலும் ஒன்று இருக்கிறது.

என் கருத்தைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். ஆற்றுக்குள் இரண்டு தண்ணீர் ஓடுகிறது, இரண்டையும் பிரிக்காமல் எதுவும் நடக்காது. மழைத் தண்ணீருக்கு அணைக்கட்டு, வாய்க்கால், குளம். சாக்கடைத் தண்ணீருக்குத் தனிக் குழாய், சுத்திகரிப்பு, அதன் பிறகு அதற்கென்று ஒரு உபயோகம்: தொழிற்சாலை, கட்டட வேலை, தீவனப் புல். சூலூர்வாசி கேட்டது இதில் அடங்கும். சுத்திகரித்த தண்ணீரை எல்லாக் குளத்துக்கும் விடாமல், தெரிந்தெடுத்த ஒன்றிரண்டு குளத்துக்கு விடலாம். மற்றவை சித்திரையில் காயட்டும். குளம் காய்ந்தால் பத்திரிகையில் படம் போட்டு அழ வேண்டியதில்லை.

அழகுபடுத்தலுக்குச் செலவான பணத்தைப் பற்றியும் சொல்லத்தான் வேண்டும். கரையில் விளக்கும் நடைபாதையும் செல்ஃபி எடுக்க எழுத்துப் பலகையும் வந்துவிட்டன. தண்ணீர் வரும் வாய்க்கால் அதே நிலையில் கிடக்கிறது. முதலில் வாயைச் சரிசெய்துவிட்டுத்தான் முகத்துக்குப் பவுடர் போட வேண்டும்.

#12 | தொண்டாமுத்தூர்_தோட்டம்

பள்ளங்களை மறந்துவிட்டோம். நொய்யலை மட்டும் நூல் பிடித்தாற்போல் ஒரு கோடாகப் பார்க்கிறோம். ஆற்றுக்குத் தண்ணீர் வரும் வழி ஓடைகளும் பள்ளங்களும்தான். தடாகம் மலையில் தொடங்கும் சங்கனூர்ப் பள்ளம் நகரத்தின் வழியாகச் சிங்காநல்லூருக்கு இறங்குகிறது. தடாகம் பள்ளத்தாக்கில் செங்கலுக்காகச் செம்மண்ணை ஆள் உயரத்துக்கும் மேலே வெட்டி, ஓடைகள் எந்தப் பக்கம் ஓடுவதென்றே தெரியாமல் ஆக்கிவிட்டார்கள். 2021-ல் சூளைகளை மூடினார்கள், குழிகள் அப்படியே இருக்கின்றன. நகரத்துக்குள் அதே பள்ளம் சாக்கடை. கௌசிகா நதி, திருப்பூரில் நல்லாறு, ஜம்மனை ஓடை எல்லாவற்றுக்கும் இதே கதிதான்.

வெள்ளலூர்க் குளம் ஒரு நல்ல உதாரணம். பல வருஷம் ஒரு சொட்டு இல்லாமல் சீமைக்கருவேலங்காடாகக் கிடந்தது. தன்னார்வலர்கள் வாய்க்காலைத் தூர்வாரி, அடைப்பை எடுத்தார்கள். வெள்ளம் வந்த வருஷம் குளத்துக்குத் தண்ணீர் ஏறியது. புதிதாக எந்த அணையும் கட்டவில்லை, எங்கிருந்தும் நீரேற்றவில்லை.

#13 | கிளுவைவேலி

எல்லாரும் நல்லாப் பேசறீங்க, ஆனா ஒண்ணு சொல்றேனுங்க. எங்க பக்கத்துக்குன்னு ஒரு திட்டம் தனியா வேணும். கோயமுத்தூர்ல குளம் சரி பண்ணுனா எங்க மண்ணுல இருக்கற உப்பு போகாது. அந்தப் புள்ள சொன்னாப்புடி ஜிப்சம் குடுக்கோணும், வடிகால் வெட்டோணும், அணைக்குள்ள படிஞ்ச சேத்தை என்ன பண்றதுன்னு ஒரு முடிவு எடுக்கோணும். அணைய மூடி வெள்ளத்தத் தேக்குனா அந்தச் சேத்து உப்பு மறுபடியும் கரைஞ்சு கெணத்துக்குத்தானுங்களே வரும்? அதனாலதான் மதகைத் தொறந்தே வெச்சுக்கோன்னு நாங்க சொல்றோம்.

#14 | பனியன்நகர்

இதற்கு எதிர்ப்பேச்சு என்னிடம் இல்லை. அந்த மண்ணைச் சீர்செய்யும் செலவில் எங்கள் தொழிலுக்குப் பங்கு உண்டு. துணியை மலிவாக வாங்கிக்கொண்டு போன நிறுவனங்களுக்கும், அன்னியச் செலாவணி வந்தபோது கண்ணை மூடிக்கொண்ட அரசுக்கும் பங்கு உண்டு. சங்கக் கூட்டத்தில் இதை எடுத்து வைக்கிறேன்.

#15 | நீரியல்_மாணவி

கிளுவைவேலி அண்ணாவுக்கு: அணை மதகைத் திறந்து வைப்பது பற்றி நீங்கள் சொல்வது சரி. அத்தோடு ஒரு வேலையை ஊரிலேயே செய்யலாம். நிலத்தடி நீரின் உப்பளவு காட்டும் கைக்கருவி இப்போது ஆயிரம் ரூபாய்க்குள்ளேயே கிடைக்கிறது. ஊருக்கு ஐந்து கிணறு தேர்ந்தெடுங்கள், ஒன்று ஆற்றோரம், ஒன்று மேட்டில், மற்றவை நடுவில். சித்திரையில் ஒருமுறை, ஐப்பசி வெள்ளத்துக்கு முன் ஒருமுறை, தையில் ஒருமுறை அளந்து ஒரே நோட்டில் எழுதி வையுங்கள். எந்தக் கிணறு வெள்ளத்துக்குப் பிறகு தேறுகிறது, எது தேறவில்லை என்று மூன்று வருஷத்தில் தெரிந்துவிடும். தேறும் இடத்தில் ஜிப்சமும் மழைநீர்ச் சேகரிப்பும் போட்டால் பலன் உண்டு. தேறாத இடத்தில் கொறங்காடே நல்லது. கிராம சபையில் நிதி கேட்கப் போகும்போது அந்த நோட்டு கையில் இருந்தால் பேச்சு வேறு மாதிரி இருக்கும். எங்கள் துறையில் இருந்து மாதிரி எடுக்கும் முறையைச் சொல்லிக்கொடுக்க ஆள் அனுப்ப முடியும், தனிச்செய்தி போடுங்கள்.

#16 | தொண்டாமுத்தூர்_தோட்டம்

இங்கேயும் ஒன்று. ஆனி பிறந்தால் ஆடிக்கு நாளே இல்லை. சித்திரைச்சாவடி வாய்க்காலில் மதகு முதல் புதுக்குளம் வரைக்கும் நடந்து, எங்கெங்கே அடைப்பு என்று போட்டோவோடு பட்டியல் எடுக்க வேண்டும். வருபவர்கள் ஞாயிறு காலை 6 மணிக்கு அணைக்கட்டுக்கு வந்துவிடுங்கள். செருப்பு வேண்டாம், ஷூ போட்டு வாருங்கள், வாய்க்காலுக்குள் கண்ணாடிச் சில்லு கிடக்கிறது. கரூர் நண்பரும் வரலாம். தண்ணீர் எங்கே பிரிகிறது, எவ்வளவு கீழே விடப்படுகிறது என்று மதகில் நின்று நேரிலேயே பார்த்துக்கொள்ளலாம்.